திரும்பி வந்த ஃபிளாஸ்க்

ஆஸ்பத்திரியில் கணவனுக்குத் துணையிருக்க இரவல் வாங்கிய பாயையும் ஃபிளாஸ்க்கையும், மயிலாப்பூர் சர்வமத உதவி மையத்தில் கன்னியம்மா திருப்பி வைத்தாள்.

இப்படித் தனியாக, அழுத கண்ணோடு வருபவர்களிடம் அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. பொறுப்பாளர் ஜொவிட்டா சிலுவை போட்டுக்கொண்டாள். உதவியாளர் யாசிர் துஆவுக்குக் கையேந்தினான்.

கீழே தெருவில் யாரோ ஆட்டோக்காரரிடம் கரகரத்த குரலில் கத்திக்கொண்டிருந்தார்.

“நேரங்காலம் தெரியாம இன்னா சத்தம்!” யாசிர் எரிச்சலோடு ஜன்னலைச் சாத்தப் போனான்.

“சாத்தாத நைனா!” என்றாள் கன்னியம்மா.

“ஏன்க்கா?”

“தொண்டையில குழாய் போட்டு இருபது நாளா பேச்சே இல்ல. இனிமே பேசுறதே கஷ்டம்னாங்க. அங்க சண்டை போட்டுக்கினு கீறவரு எங்க வூட்டுக்காரருதான். இன்னும் கொஞ்சம் கத்தட்டும்!”