பட்டாணியின் வயிற்றுப் பட்டை

சினை நாய் பட்டாணியின் வயிற்றில் கட்டியிருந்த மருத்துவப் பட்டை காலையிலேயே பேசியது.

"வயிற்றிலிருக்கும் நான்கு குட்டிகளில் ஒன்றுக்குத் தாயிடமிருந்து தொற்று வந்திருக்கிறது. மருந்து செலுத்துகிறேன். தாயைக் கொஞ்சியவர்களும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்."

"நான் மட்டுந்தான் கொஞ்சுவேன். இவருக்கு நாயே ஆகாது" என்று கணவன் தணிகாசலத்தைக் காட்டினாள் கோதை.

"இந்த வாரம் நீங்கள் கொடுத்த முத்தம் ஆறு. தணிகாசலம் கொடுத்தது நாற்பத்தொன்று."

நாய் உள்ளே வந்தால் தான் வெளியே போய்விடுவதாக மூன்று வருடமாக மிரட்டிய கணவனைக் கோதை முறைத்தாள்.

"ஏங்க, எனக்கு எத்தனை கொடுத்தீங்க?"

தணிகாசலம் காதில் வாங்கவில்லை. பட்டையிடம் குனிந்து, "குட்டி பொழைச்சுக்குமா?" என்று தழுதழுத்தான். கோதைக்குக் கோபம் போய்விட்டது.

பத்தாம் நாள் நான்கும் நலமாகப் பிறந்தன. தொற்றிலிருந்து பிழைத்த மெலிந்த குட்டி கட்டிலில் தணிகாசலத்தின் தலையணையில் படுத்தது. கோதை கீழே பாய் விரித்துக்கொண்டாள்.