கிணற்றில் இறங்கியவன்

அறையில் இருந்தவர்கள்: அண்ணன், தம்பி, தம்பியின் ஏழு வயது மகள். அப்பாவையும் சேர்க்கலாம் என்றால் அவர் போய் நாலு நாள் ஆகிறது.

மதிய நேரம். அப்பாவின் கட்டிலில் தம்பி மகளைத் தூங்கவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் தரையில் உட்கார்ந்து அப்பாவின் லாரிச் சாமான்களைப் பிரித்துவைத்தான். ஸ்பானர்கள் ஒரு பக்கம். கிழிந்த தார்ப்பாய் ஒரு பக்கம். தார்ப்பாய் கட்டும் கயிறு சிக்கு விழுந்து கிடந்தது. அதைப் பிரித்து உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்ற ஆரம்பித்தான்.

"தாத்தா எனக்கு லாரியில சொன்ன கதை ஒண்ணு சொல்லட்டா?" என்றான் தம்பி. "ஒரு ஊர்ல ஒரு அண்ணன், ஒரு தம்பி. ரெண்டு பேரும் சேர்ந்து கிணறு வெட்டுனாங்க."

அண்ணனின் கை நின்றது.

அது அவனுடைய கதை.

அப்பாவின் லாரியில் அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம். பள்ளிக்கூட லீவில் ஒரு நடைக்கு ஒரு மகன் என்று கூட்டிப்போவார்.

தம்பிக்கு என்னென்னவோ கிடைத்தது. காலேஜ் கிடைத்தது, அப்பாவின் கைக்கடிகாரம் கிடைத்தது. அண்ணன் பத்தாவதோடு நின்று நூல் மில்லில் இரவு ஷிஃப்டுக்குப் போனான். அதற்காக அவன் வாய் திறந்ததில்லை. அவனிடம் கதை இருந்தது.

அந்தக் கதையில் கிணற்றுக்குள் அண்ணன் இறங்குவான். மேலே நிற்கும் தம்பி கயிற்றை விட்டுவிடுவான். பிறகு அவர்களுடைய அப்பன் வருவான். செத்தவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழு நாள் நடப்பான், ஒரு தடவைகூடத் தரையில் இறக்காமல். உயிரோடு நிற்கிறவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

அந்த இடம் வரும்போது அப்பாவின் குரல் கம்மும். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கை வந்து இவன் தலைமேல் உட்காரும். அந்தக் கைக்காக இவன் எத்தனை முறை வேண்டுமானாலும் சாகத் தயாராக இருந்தான்.

ஆனால் பயமும் இருந்தது. கதை கேட்ட நாளிலிருந்து படுக்கப்போகும்போது மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போடுவான். கல்யாணமான புதிதில் மனைவி கேட்டாள். திருட்டுப் பயம் என்றான். தம்பி அடுத்த அறையில்தான் படுத்திருந்தான்.

"தம்பி கிணத்துல இறங்குனான்," என்றான் தம்பி. "அண்ணன் கயித்தை விட்டுட்டான்."

"மாத்திச் சொல்றே. இறங்குனது அண்ணன்."

"இல்லண்ணே, தம்பிதான். அப்பா என் தலையில கைய வச்சிக்கிட்டுல்ல சொல்வாரு."

சுற்றிய கயிறு அண்ணனின் முழங்கையில் இறுகியது.

"உனக்கு எத்தனை தடவை சொன்னாரு? எனக்கு அஞ்சு தடவை."

"நான் எண்ணலையேண்ணே."

எண்ணாதவன். எண்ணிப் பத்திரப்படுத்த வேண்டிய தேவையே இல்லாதவன்.

"தம்பிகிட்ட சொல்லிடாத, பயந்துருவான்னாரு என்கிட்ட," என்றான் அண்ணன்.

"என்கிட்ட, அண்ணன்கிட்ட சொல்லிடாதன்னாரு." தம்பி சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "அவன் முரடன்னாரு."

முரடன். அந்தச் சொல்லை அப்பாவின் குரலிலேயே கேட்டுப் பார்த்தான் அண்ணன். பொருந்தியது.

"முரடன்தான். ஆனா கிணத்துல செத்தது நான்."

"எப்படிண்ணே? அப்பா தூக்கிட்டு நடந்தது என்னை."

சிறுமி கண்ணைத் திறந்தாள். "ஏன் பெரியப்பா ரெண்டு பேரும் நான்தான் செத்தேன், நான்தான் செத்தேன்னு சண்டை போடுறீங்க?"

அவள் கொஞ்ச நேரம் இவர்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள்.

தம்பி எழுந்து மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். முதுகுப் பக்கம் தலை தொங்கியது, முன்பக்கம் கால்கள் ஆடின. அகலமான தோள். அப்பாவின் தோள். அதுவும் தம்பிக்கே போயிருப்பதை அண்ணன் இன்றுதான் கவனித்தான்.

"உள்ள படுக்கவைக்கிறேண்ணே."

தம்பியின் பேச்சு அண்ணனை நோக்கி இருந்தது. கண் அவன் கையிலிருந்த கயிற்றில் இருந்தது. தம்பி திரும்பவில்லை. முதுகைக் காட்டாமல், பின்னாலேயே அடிவைத்து அடுத்த அறைக்குள் போனான்.

கதவு சாத்திக்கொண்டது. மேல் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

சற்றுப் பொறுத்து, தோளில் குழந்தையோடு குனிந்துதான் போட்டிருக்க வேண்டும், கீழ்த் தாழ்ப்பாளும் விழுந்தது.