நிதானமா அடிங்க, மேடம்

“சத்தம் வருது, படம் கறுப்பா இருக்கு. இன்னும் அரை மணி நேரத்துல எனக்கு இன்டர்வியூ. அவங்க அனுப்பின இந்த வீடியோவைப் பார்த்தாத்தான் பதில் சொல்ல முடியும்.”

போனில் அவள் குரல் தவித்தது.

கம்ப்யூட்டர் விற்ற நிறுவனத்தின் உதவி மையத்தில், லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் என்றாலே அழைப்பு அவனிடம்தான் வரும். அவன் நாற்காலியில் நெளிந்தான். பக்கத்தில் மேலாளர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேச்சைக் கேட்டபடி நின்றார்.

“பதறாதீங்க மேடம். அந்த வீடியோவைக் காட்டுற கோடெக்ங்கிற சின்ன புரோகிராம் உங்க கம்ப்யூட்டர்ல இல்ல, அவ்வளவுதான். கட்டளை அடிக்கிற டெர்மினலைத் திறந்து நான் சொல்றதை அப்படியே அடிங்க.”

“அடிச்சேன். தப்புன்னு வருது.”

“நடுவுல இடம் விட்டீங்களா?”

“விடலையே. எங்க வீட்டுல என்னை மக்குன்னு சொல்றது சரிதான் போல.”

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“யார் சொன்னாலும் நம்பாதீங்க மேடம். எல்லாருக்கும் வர்ற தப்புதான். நிதானமா அடிங்க.”

பாஸ்வேர்ட் அடித்தால் எழுத்தே தெரியவில்லை என்று மறுபடி பதறினாள். அது அப்படித்தான் இருக்கும் என்று இதமாகச் சொன்னான். திரையில் வரிகள் ஓடி நின்றன.

“படம் வந்துடுச்சு.”

“சந்தோஷம் மேடம். வேற உதவி ஏதாவது வேணுமா?”

“வேணாங்க. நேத்து சாப்பிடும்போது இந்த வீடியோவைச் சரி பண்ணித் தரச் சொல்லித்தான் கேட்டேன். ‘உனக்கெல்லாம் எதுக்கு வேலை’ன்னு தட்டை நகர்த்திட்டு எழுந்து போயிட்டீங்க. இனிமே எதுன்னாலும் இந்த நம்பருக்கே கூப்பிடறேன்.”

“அழைத்ததற்கு நன்றி, மேடம்” என்றான் கணவன்.