இறங்கி நடக்கும் இடம்

கலைமாறன் சமைக்கும் சாப்பாட்டுக்கடை பாரிஸில் ரூ காய் தெருவில் இருக்கிறது. எதிரே வெறும் சுவர். திங்கட்கிழமை காலையில், அந்தச் சுவருக்கு முன்னால் தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, இருபது அடி உருட்டிக்கொண்டு நடந்து, மறுபடி ஏறிப் போனார். செவ்வாய்க்கிழமை அந்த வழியாகச் சைக்கிளில் வந்த எல்லோருமே இறங்கி நடந்தார்கள். அங்கே பலகையும் இல்லை, பொலிஸும் இல்லை.

கலைமாறனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. யாழ்ப்பாணத்தில் இராணுவக் காவலரணுக்கு முன்னால் இப்படித்தான் இறங்கி நடக்க வேண்டும். அது அவசரகாலச் சட்டம் இருந்த நாளில் ஆமி போட்ட உத்தரவு. தம்பி லவன் ஒரே ஒருநாள் மறந்துபோனான். ஆமி அவனைப் பிடித்துக்கொண்டுபோனபோது, தெருவில் நின்றவர்களோடு சேர்ந்து கலைமாறனும் தலையைக் குனிந்துகொண்டார்.

புதன்கிழமை முதலாளி பூபாலசிங்கத்திடம் கேட்டார்.

“அண்ணை, ஏன் இஞ்சை எல்லாரும் இறங்கி நடக்கினம்?”

“இறங்கத்தானே வேணும். ஓடர் வந்திட்டுதெல்லே?”

“ஆர் போட்டது?”

பூபாலசிங்கம் அவரை விநோதமாகப் பார்த்தார். “உமக்குத் தெரியாததே?”

மத்தியானம், பாரிஸில் பிறந்த கலைமாறனின் மகள் சாம்பவி பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வந்தாள். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“இறங்கு பிள்ளை!” என்று கலைமாறன் கடை வாசலில் நின்று கத்தினார்.

அவள் சிரித்தபடி கையைக் காட்டிவிட்டு மிதித்தாள்.

தெருவில் எல்லோரும் நின்றார்கள். ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். கலைமாறனின் தலையும் தானாகவே குனிந்தது.

சுவருக்கு முன்னால் சாம்பவியின் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது.