மூன்றாவது சீட்டு

“என்னங்க, ஒங்க வண்டியும் மொட்டை போட்டுக்கிட்டு நிக்கிது?”

டீக்கடை வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளைக் காட்டிக் கருப்பையன் கேட்டார். சனிக்கிழமைக் காலை. திருநள்ளாறு குளத்தில் முழுக்குப் போட்டவர்கள் ஈரத் தலையோடு கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வண்டியில் சீட்டு இல்லை, கண்ணாடி இல்லை, பம்பு இல்லை. உட்கார வேண்டிய இடத்தில் வெறும் இரும்புக் கம்பிகள்தான் தெரிந்தன.

எதிர் பெஞ்சில் இருந்த அந்தோணிமுத்து சிரித்தார். காரைக்காலிலிருந்து வாரா வாரம் இங்கே வந்து ஆயுள் இன்ஷூரன்ஸ் பிடிக்கிறவர் அவர். அரை மணி நேரமாகக் கருப்பையனை ஒரு பாலிசிக்கு மடக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரோ பிடி கொடுக்கவில்லை. பழைய துணி வியாபாரம், வயது நாற்பதுக்குள், வாட்டசாட்டமான உடம்பு. எந்த ஏஜெண்டும் விடக்கூடாத ஆள்.

“திருட்டுப் போவலங்க. நாந்தான் கழட்டி வச்சிருக்கேன்.”

“எதுக்கு?”

“எதுக்கா? இந்த ஊர்ல ரெண்டு மாசத்துல ரெண்டு சீட்டு போயிடிச்சு. மொத சீட்டோட டூல்ஸ் பையும் போச்சு. ரெண்டாவது சீட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். பூட்டையும் சேத்துல்ல கொண்டுட்டுப் போய்ட்டான்! இது மூணாவது. நாகூர்ல பீர் மைதீன் கடையில தவங்கெடந்து வாங்கினது.”

“அடப் பாவமே.”

“வண்டி என்னுதுன்னா கூடப் பரவால்லங்க. எம் மச்சானோடது. பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயா, இருக்காரு. எங்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போனவரு நாளைக்கு லீவுல வர்றாரு. காலைல கெளம்பறப்பவே எஞ்சம்சாரம் சலோமி சொல்லிட்டா. ‘இந்தச் சீட்டும் போச்சுன்னா நீங்களும் அது கூடவே போயிடுங்க, எங்க அண்ணன் மூஞ்சில என்னால முழிக்க முடியாது’ன்னுட்டா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் மனிதருக்கு உள்ளூரப் பயம்தான். சலோமி சொன்னால் செய்கிறவள்.

“அப்ப சீட்டக் கையோட தூக்கிட்டுப் போவ வேண்டியதுதான?”

“அதையும் செஞ்சு பாத்துட்டேன். போன வாரம், லாட்ஜு வச்சிருக்காங்களே மங்கையர்க்கரசியம்மா, அவங்க வீட்டுக்குப் பாலிசி விசயமாப் போனேன். கக்கத்துல சீட்டு. ‘அம்மா, இந்தச் சீட்ட எங்க வைக்கட்டும்?’னு வாசல்லேருந்து குரல் குடுத்தேன். ‘ஏற்கெனவே ரெண்டு சீட்டு கட்டி ஏமாந்து போயிருக்கேன், ஆள விடுய்யா’ன்னு கதவச் சாத்திப்புட்டாங்க.”

டீ சிந்தும் அளவுக்குச் சிரித்தார் கருப்பையன்.

“சரிங்க, இப்ப சீட்டு எங்க?”

அந்தோணிமுத்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“ஒங்ககிட்டங்கறதால சொல்றேன். திருட்டுப் பயலுவளுக்குப் பூட்டுன்னா பயமில்ல. போலீசுன்னா பயமில்ல. ஆனா சனின்னா பயம் இருக்கு பாருங்க! குளத்துல முழுகுனவங்க கரையில அவுத்துப் போட்டுட்டுப் போற துணிய எவனாச்சும் தொடுறானா? தொட்டா அவங்க தோசம் இவனல்ல புடிச்சுக்கும்!”

“ஆமாமா.”

“அதான்! சீட்டு, கண்ணாடி, பம்பு எல்லாத்தையும் ஒரு கறுப்பு வேட்டியில வச்சுக் கட்டினேன். முடிச்சு மேல ஒரு எள்ளுப் பொட்டலம். ஏழு மணிக்கு, குளத்தங்கரையில அவுத்துப் போட்ட துணிங்களோட துணியா வச்சுட்டு, திரும்பிக்கூடப் பாக்காம வந்துட்டேன். நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன், சனீஸ்வரனுக்கும் எனக்கும் அவ்வளவாப் பழக்கம் கெடயாது. இருந்தாலும் பாருங்க, இன்னிக்கி எனக்குக் காவல் அவருதான்!”

இந்தத் தடவை கருப்பையன் சிரிக்கவில்லை. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“முடிச்சு மேல எள்ளுன்னா சொன்னீங்க?”

“எள்ளேதான். எப்புடி நம்ம ரோசனை? இன்னிக்கித்தான் மொதத் தடவ.”

 கருப்பையன் கையை நீட்டினார்.

“அந்த ஃபாரத்தக் கொண்டாங்க. பாலிசி எடுத்துக்குறேன்.”

அந்தோணிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. அரை மணி நேரம் தொண்டை வறளப் பேசியும் மசியாத ஆளை ஒரு மூட்டை மசிய வைத்துவிட்டதே!

“நல்ல முடிவுங்க. ஆபத்து எந்தப் பக்கமா வரும்னு யாரு கண்டா? நாமதான் முன்ஜாக்கிரதையா இருந்துக்கணும்,” என்றபடி பேனாவைத் திறந்து மளமளவென்று எழுதினார். பேர், ஊர், வயசு. தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது.

“பழைய துணி வியாபாரம்னு மொட்டையா எழுதுனா ஆபீசுல திருப்பி அனுப்பிடுவாங்க. துணிய யாருகிட்ட வாங்குறீங்க?”

“வாங்கறதில்லீங்க.” கருப்பையன் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “குளத்தங்கரையில அவுத்துப் போடுற துணிக்கெல்லாம் இந்த வருசம் நாந்தான் குத்தகை. எட்டு மணிக்கே எல்லாத்தையும் அள்ளி மதுரை லாரியில ஏத்தி வுட்டுட்டேன். எள்ளு முடிஞ்ச மூட்டைய நாங்களும் பிரிக்கறதில்லீங்க. ஒண்ணு மட்டும் தூக்க முடியாம கனத்துச்சு. பாவம், எவனோ குடும்பத்தோட தோசத்த எறக்கி வச்சுட்டுப் போயிருக்கான்னு நெனச்சேன்.”