ஒண்ணே முக்கால் கிலோ

“பாருங்க, இது குழந்தை மாதிரியா இருக்குதுங்க?” என்று அந்தப் பழைய போட்டோவைத் தூக்கிக் காட்டினேன். விலா எலும்பை எண்ணலாம். உடம்பில் ஒழுங்காக வளர்ந்திருந்தது காது இரண்டும்தான்.

1984, ஏற்காட்டு மலையில் உள்ள வாழவந்தியில் எங்கள் சேலம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம். நான் பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. பிறப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பாபர் பிறந்த வருஷம். ஆனாலும் மே மாத வெயிலில்கூடக் கழற்றாத குரங்குக் குல்லாவோடு, பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடைவெளி வேண்டும் என்று முழங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் படத்தட்டியைப் பிடித்து நின்றவன் என் அண்ணன் ஷேக் தாவூத். அவனும் என் வகுப்புதான்.

எதிரில் கண்ணாயி. இடுப்பில் ஏழு மாதப் பெண் குழந்தை. கண்ணாயிக்கு முகம் வெளுத்துக் கிடந்தது. அவள் கணவன் அங்கப்பனுக்கு அடுத்த சேர்வராயன் கோயில் நோம்பிக்குள் ஒரு பையன் வேண்டும்.

“காப்பிச் செடியே ஒரு வருசம் நல்லாக் காய்ச்சா மறுவருசம் ஓஞ்சு நிக்குதுங்க. தாய் உடம்பு தேற வேண்டாமா? தேறலைன்னா பொறக்கறது எடை கொறைஞ்சு பொறக்கும். மூணு வருசம் பொறுங்க.”

“காப்பியப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?” என்றான் அங்கப்பன்.

“குடிச்சிருக்கேனுங்க.”

கூட்டம் சிரித்தது. கண்ணாயி சிரிக்கவில்லை. “எனக்கு ரத்தமே பத்தலைன்னு நர்ஸம்மா சொன்னாங்க. கொஞ்சம் காதுல வாங்குங்க,” என்றாள் கணவனிடம்.

அவன் போட்டோவை வாங்கிப் பார்த்தான். “ஏனுங்க, இது பொழச்சுதா?”

எனக்குத் தெரியாது. போட்டோவைக் கொடுத்த நர்ஸ் தெரசம்மாளைப் பார்த்தேன். எங்கள் ஏற்காட்டில் இருபத்தைந்து வருஷமாகப் பிரசவம் பார்ப்பவர்.

“பொழச்சுதுங்க. அண்ணன்காரன் பொறந்து பதினோராம் மாசமே அவசரமா வந்துருச்சு. ஒண்ணே முக்கால் கிலோ. பஞ்சுல சுத்தி வச்சு நொம்பப் பாடுபட்டோம்.”

“இப்ப எப்படி இருக்குது?”

தெரசம்மாள் என் பக்கம் திரும்பினார். “அமீர் ஜான், அந்தக் குல்லாவைக் கழட்டு கண்ணு.”

கழற்றினேன். காது இரண்டும் வெளியே வந்தன. அங்கப்பன் போட்டோவைப் பார்த்தான். என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தான். பார்க்க அதிக நேரம் பிடிக்கவில்லை. பிறகு மனைவியிடம் சொன்னான்:

“மூணு வருசமே இருக்கட்டும் புள்ள.”