குடிக்காத மண்

காட்டுத்தீயில் எரிந்த மலைச்சரிவில் டிராப்பரால் ஒரு துளி தண்ணீரை விட்டுவிட்டு, கடிகாரமும் கையுமாகக் குந்தியிருந்தாள் மண் ஆய்வாளர் ஜெசிந்தா. நல்ல மண் கண்மூடித் திறப்பதற்குள் குடித்துவிடும். இந்தத் துளியோ கருகிய மண்மேல் ஒரு மணி நேரமாகக் குண்டுமணிபோல் நின்றது. மண் குடிக்காவிட்டால் பெய்கிற மழையெல்லாம் சேற்றோடு ஊர்மேல்தான் இறங்கும். அதனால்தான் ஊரே ஒன்பது நாளாகப் பள்ளிக்கூடத்தில் ஒண்டிக்கிடந்தது. அவள் கையெழுத்துப் போட்டால் வீடு திரும்பலாம்.

"குடிச்சிருச்சு மேடம்," என்றான் போஜன். கீழே தெரிந்த நீலத் தகரக் கூரை அவனுடையது.

துளி நின்ற இடத்தை அவள் விரலால் கிளறினாள். புழுதி பறந்தது.

"குடிக்கலண்ணா. வெயில்ல காஞ்சுபோச்சு."

இன்னொரு துளி விட்டு, வெயில் தொடாமல் நிழலுக்குக் குடையை விரித்து, துளியின்மேல் கண்ணாடி டீத் தம்ளரைக் கவிழ்த்தாள்.

"எத்தன வாட்டி பாப்பீங்க? எழுதிக் குடுங்க மேடம்."

"குடிக்கட்டும், எழுதுறேன்."

கால் மரத்தும் அவள் எழவில்லை. மேகம் கூடியது. குடைக்கு வெளியே ஒரு மழைச்சொட்டு விழுந்தது. மண்ணுக்குள் போகாமல் திரண்டு நின்று, பிறகு சரிவில் உருளத் தொடங்கியது. அது போன திசையில் நிமிர்ந்து பார்த்தாள். நீலக் கூரைக்கு மேல் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது.

"நீங்க எழுதிருவீங்கன்னு," என்றான் போஜன், "காலையிலயே எங்க வீட்டாளுங்க எல்லாரையும் கொண்டாந்து விட்டுட்டேன்."